செங்கொடியும் வெண்கொடியும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாளை எங்கள் பகுதியிற் பிறந்தவர் எவரும் மறக்கமாட்டார். ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் கடற்கரை மணலில் கடைகள் முளைத்துவிடும். மஸ்கற்றும் தொதலும் வறுத்த கச்சானும் மணக்கும். பக்கீர் பாவாக்களின் றபான் ஒலி அலையோசையோடு கலந்து வீடுவரை வந்து சேரும். பன்னிரண்டு நாள் விழா அது. இரு நூற்றாண்டு மரபு என்று ஊர்ப் பெரியோர் கூறுவர். என் பிள்ளைப் பருவத்து நினைவுகளுள் இனியவை யாவும் அந்த மணலிலேயே கிடக்கின்றன. இனிமையல்லாத நினைவொன்றும் அங்கேயே கிடக்கிறது.

அப்பொழுது எனக்குப் பதினொரு வயது. எங்கள் தெருவுக்கு ஒரு பொல்லடிக் குழு இருந்தது. அடுத்த தெருவுக்கும் ஒன்று இருந்தது. இரு குழுவின் அண்ணாவிமாரும் ஒருவரையொருவர் மதிப்பவர்கள்தாம். ஆனால் குழுவைச் சுற்றித் திரிந்த இளைஞர் கூட்டமோ வேறு வகை. ஆட்டம் பயின்றவர் பாதி, சும்மா பொல்லேந்தியவர் பாதி. 'எங்கள் தெரு', 'அவன் தெரு' என்ற பேச்சு நாளடைவில் எல்லை வகுத்தது. இருட்டியபின் அந்த எல்லையைத் தாண்டுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. சண்டியர் என்று ஊரார் பெயரிட்டனர். அவர்களும் அப்பெயரை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டனர். கொடியேறிய ஓர் இரவில் களிப்புக்காகக் கொண்டுவந்த பொல்லுகள் மண்டைகளைத் தேடின. என் மூத்த காக்காவின் வலக்கை மணிக்கட்டு அன்று முறிந்தது. வைத்தியர் கட்டிய கட்டு அவிழ்ந்தபின்னும் கை நேராகவில்லை. நெசவுத் தறியில் அமரவிருந்த அவருடைய வாழ்வு அத்தோடு வேறு திசையிற் சென்றது.

விழாவிலே பிறந்த ஒரு கூட்டம் எவ்வாறு வன்முறைக் கூட்டமாகிறது என்ற வினா அன்றுமுதல் என்னை விட்டு அகலவில்லை. ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின் அந்த வினா இன்னும் கூர்மை பெற்றது. வகுப்பில் கடைசி வாங்கில் அமரும் மாணவன் மாலையில் எந்தச் சந்தியில் யாரோடு நிற்கிறான் என்பதை அவனுடைய பயிற்சிப் புத்தகம் எனக்குச் சொல்வதில்லை. நம் காலத்துச் சந்திக் கூட்டங்களைப் பற்றி எழுதுவோர் திரைப்படத்தைக் குறை கூறுவர். கைத்தொலைபேசியைக் குறை கூறுவர். இவை எவையும் இல்லாத காலத்தில், தமிழ் பேசும் முஸ்லிம்களும் பெரும்பங்கு கொண்ட இரண்டு தெருக்கூட்டங்கள் ஒரு துறைமுக நகரையே பத்து நாட்கள் நடுங்கவைத்தன. அந்த வரலாற்றை நம் பக்கத்தில் அறிந்தோர் சிலரே. அதைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அந்த நகரம் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். கூட்டங்களின் பெயர்கள் செங்கொடிச் சங்கம், வெண்கொடிச் சங்கம் என்பன. மலாய் மொழியில் பெண்டேரா மேரா, பெண்டேரா பூத்தே என்பார்கள்.

பினாங்கு நமக்கு அந்நியமான ஊரன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய மரைக்காயர்களும் இலெப்பைகளும் கீழைக் கடலெங்கும் வணிகம் செய்தவர்கள். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் அத்தீவில் கொடி நாட்டியவுடன் அவர்களும் அங்கே கடை விரித்தனர். ஆங்கிலேயர் அவர்களைச் சூலியர் என்று அழைத்தனர். சூலியா தெரு என்ற பெயர் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. அவர்களுடைய தலைவரான காதர் முகைதீன் என்பார்க்குக் கப்பித்தான் என்ற பட்டம் இருந்தது. 1801இல் பள்ளிவாசலுக்கென அளிக்கப்பட்ட நிலத்தில் எழுந்ததே இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதற்கு அண்மையிலேயே நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா உண்டு. அதனைக் கண்டபோது எனக்குக் கல்முனைக்குடிக் கடற்கரையே கண்முன் வந்தது. நாகூரில் ஒரு கொடி, நம் கரையில் ஒரு கொடி, பினாங்கில் ஒரு கொடி என ஒரே மகானின் நினைவு மூன்று கரைகளைக் கட்டியிருக்கிறது. மருமகன் ஒருவன் மலேசியாவில் தொழில் பார்ப்பதால் அங்கே செல்லும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. அவன் கடைத்தொகுதிகளைக் காட்ட விரும்பினான். நான் அவனைச் சந்துகளுக்குள் இழுத்துச் சென்றேன்.

வணிகர் மட்டும் அத்தீவுக்கு வந்தாரல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்தவர் பலர், படகோட்டிகள் பலர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் பலர், சென்னைப் படைப்பிரிவுகளின் சிப்பாய்கள் பலர். இவர்களிற் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த தனியாட்கள். மலாய்ப் பெண்களை மணந்து குடியமர்ந்தோரின் வழித்தோன்றல்களை ஜாவி பெக்கான் என்றனர். தந்தை வழியில் தமிழும் தாய் வழியில் மலாயும் பேசிய அந்தப் பிள்ளைகள் இரண்டு உலகங்களுக்கிடையில் வளர்ந்தவர்கள்.

சென்னைச் சிப்பாய்கள் தங்களோடு முஹர்ரம் ஊர்வலத்தையும் கொண்டுவந்தனர். கர்பலாவின் துயரை நினைவுகூரும் அந்நாட்கள், தமிழ்நாட்டின் பல ஊர்களில் பஞ்சா எடுத்தலும் புலிவேடமும் சிலம்பமும் மேளமுமாகக் கொண்டாடப்பட்டவை. சுன்னத் ஜமாஅத்தாரும், ஏன், இந்துக்களுங்கூட அவற்றிற் கலந்துகொண்டனர். பினாங்கில் அது தெருவுக்குத் தெரு குழுவாயிற்று. ஒவ்வொரு குழுவும் வேடமிட்டு, பாட்டுக் கட்டி, வசதியுள்ளோர் வீட்டு முற்றங்களில் ஆடிப் பரிசு பெற்றது. போரியா என்னும் கலை இவ்வழியே பிறந்தது என்பர். குழுவை நடத்தப் பணம் வேண்டும். பணம் சேர்க்கச் சந்தா வேண்டும். சந்தா வாங்கினால் உறுப்பினன் நோயுற்றபோதும் இறந்தபோதும் குழு கைகொடுக்க வேண்டும். ஊரும் உறவும் இல்லாத துறைமுகத்தில் ஒருவனுடைய ஜனாஸாவை எடுக்க நாலு பேர் வேண்டும் என்ற தேவையே சங்கத்தின் முதல் அடித்தளம். இதைக் கூறாமல் அவர்களை வெறும் காடையர் என்று எழுதிவிடுதல் நேர்மையன்று.

ஆனால் இரண்டு கொடிகள் ஒரே தெருவில் ஒரே இரவில் ஊர்வலம் வந்தால் எது முதலில் செல்வது? இந்தச் சிறு வினாவில்தான் பகை முளைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கொடியாரும் வெண்கொடியாரும் நகரின் பகுதிகளைத் தமக்குள் பிரித்துக்கொண்டு நின்றனர். இரு பக்கத்திலும் முஸ்லிம்களே. இரு பக்கத்திலும் தமிழ் வழியினரும் மலாயரும் ஜாவி பெக்கான்களும் இருந்தனர். செங்கொடியின் பலம் ஆச்சின் தெருவைச் சூழ்ந்திருந்தது. சுமத்ராவின் ஆச்சே நாட்டோடு மிளகு வணிகம் செழித்த தெரு அது. செங்கொடித் தலைவராக விளங்கிய சையத் முகம்மது அல் அத்தாஸ் அராபிய வழிவந்த பெருவணிகர். ஆச்சேயரின் போராட்டத்துக்குத் துணைநின்றவர் என்ற புகழும் அவருக்குண்டு. ஒரே குர்ஆனை ஓதி ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள், துணியின் நிறத்தால் பிரிந்தனர்.

இவர்கள் தமக்குள் மட்டும் மோதியிருந்தால் வரலாறு இவர்களை மறந்திருக்கும். நகரின் பெரும்பான்மையினரான சீனரிடையே அவர்களைவிடப் பன்மடங்கு வலிய இரு இரகசியச் சங்கங்கள் இருந்தன. ஒன்று கீ ஹின்; மற்றொன்று துவா பெக் கோங். முன்னதில் கண்டோனியர் மிகுதி. பின்னதில் ஹொக்கியர் மிகுதி. அபினிக் குத்தகை, கூலியாட்களைக் கொண்டுவரும் தொழில், பேராக்கின் லாருட் பகுதி ஈயச் சுரங்கங்கள் ஆகியவற்றின் வருவாய் யாருக்கு என்பதே அவர்களுடைய போட்டி. லாருட்டில் 1861 முதலே ஈயத்துக்காகச் சீனக் குழுக்கள் இரத்தம் சிந்திவந்தன. இந்தப் பெரும் பகைக்குள் கொடிச் சங்கங்கள் இழுபட்டன. வெண்கொடி கீ ஹின்னோடு கைகோத்தது. செங்கொடி துவா பெக் கோங்கோடு சேர்ந்தது. வேறு மொழியும் வேறு சமயமும் கொண்டவனோடு தோள் சேர்ந்து, தன் பள்ளிவாசலிலேயே தொழுபவனை அடிக்க ஓடிய விந்தை இவ்வாறு நிகழ்ந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். நம் கீழ்க்கரை முஸ்லிம்களிடையே வழங்கும் சிலம்பக் கலைக்குச் சீனடி என்ற பெயரும் உண்டல்லவா? சீனத்தோடு அதற்குள்ள தொடர்பைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். பினாங்குச் சந்துகளில் நடந்தபோது அந்தப் பெயர் என் நாவில் திரும்பத் திரும்ப வந்தது. கடலோடிகளின் கைகளிலும் கால்களிலும் எந்தெந்தக் கரைகளின் அடிகள் ஒட்டிக்கொண்டனவோ!

1867ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து நேரடியாக இலண்டனின் ஆட்சிக்கு மாறின. புதிய ஆளுநர் ஹாரி ஓர்ட் சிங்கப்பூரிலிருந்தார். பினாங்கில் துணை ஆளுநராக ஆர்ச்சிபால்ட் ஆன்சன் இருந்தார். ஆட்சி புதிது, காவலர் தொகை சிறிது, அக்காவலரிலேயே கொடிச் சங்கத்தார் இருந்தனர் என்ற முறைப்பாடும் இருந்தது. அவ்வாண்டு முஹர்ரம் மே மாதத்தில் வந்தது. கொடியார்களுக்கிடையே முறுகல் மூண்டது. அதன்பின் ஒரு நாள், ஆர்மேனியன் தெருவில் வேலியோரம் நின்ற வெண்கொடியான் ஒருவன்மீது துவா பெக் கோங்கைச் சேர்ந்த ஒருவன் ரம்புட்டான் தோலை வீசினான் என்றும், அதுவே பொறியாயிற்று என்றும் சொல்லப்படுகிறது. நம் சந்தைகளில் ரம்புட்டான் குவியும் பருவத்தில் இனி அதன் சிவந்த முட்தோலைக் காணும்போதெல்லாம் எனக்கு இக்கதை நினைவுக்கு வரும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் நகரம் வெடித்தது. தெருக்களின் வாயில்கள் தடுப்புகளால் அடைக்கப்பட்டன. துப்பாக்கியும் ஈட்டியும் மட்டுமன்றிச் சிறு பீரங்கிகளும் தெருவுக்கு வந்தன. வீடுகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. நாட்டுப்புறங்களிலும் தீ பரவியது. இருதரப்புக்கும் வெளியிலிருந்து ஆட்கள் திரண்டனர். காவற்படையின் ஒரு பகுதி அப்போது தீவை விட்டு வெளியே சென்றிருந்தமையால் ஆன்சனிடம் இருந்த வீரர் மிகச் சிலர். ஐரோப்பிய வணிகர்களும் தொண்டர்களாகக் காவலில் இறங்க நேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து துணைப்படை வந்து சேர்ந்த பின்னரே நகரம் அடங்கியது. ஏறத்தாழ பத்து நாட்கள் ஆட்சி என்பது கோட்டைக்குள் மட்டுமே இருந்தது எனலாம்.

அந்தப் பத்து நாட்களின் தழும்பு இன்றும் பெயராக நிற்கிறது. ஆச்சின் தெருவை அடுத்த ஒரு சிறு வீதிக்குப் பீரங்கித் தெரு என்று பெயர். குண்டு துளைத்த இடம் என்ற பொருளில் சீனரும் அதற்கொரு பெயர் வழங்கினர். ஆச்சின் தெருப் பள்ளிவாசலை 1808இல் கட்டியவர் சையத் உசைன் அல் ஐடிட் என்னும் பெருந்தனவந்தர். அதன் எண்கோண மினாராவின் நடுவே வட்டமான துவாரம் ஒன்று தெரிகிறது. கலகத்தில் பீரங்கிக் குண்டு துளைத்தது என்று எனக்கு வழிகாட்டிய முதியவர் உறுதியாகக் கூறினார். நான் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தேன். குண்டு இவ்வளவு வட்டமாக, விளிம்பு சிதையாமல், கொத்தனார் கையால் வைத்ததுபோல் துளைக்குமா? அது சாளரம் என்றே என் கண் சொல்கிறது. ஆயினும் முதியவரோடு நான் வாதிடவில்லை. ஓர் ஊர் தன் சண்டையை நினைவில் வைத்திருக்க ஒரு துவாரத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறது. அதை மூட நான் யார்?

கலகம் ஓய்ந்தபின் விசாரணைக் குழு அமைந்தது; அதன் அறிக்கை 1868இல் வெளிவந்தது. சீனச் சங்கங்களோடு முஸ்லிம் சங்கங்கள் கலந்துவிட்டதே ஆட்சியாளரைப் பெரிதும் கலங்கச் செய்தது. சங்கம் ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அப்பணத்தின் ஒரு பகுதி நகரில் நான்கு காவல் நிலையங்கள் அமைக்கப் பயன்பட்டது. சண்டியர் கொடுத்த பணத்தில் சண்டியரைப் பிடிக்கும் நிலையம்! துவா பெக் கோங்கின் தலைவர் கூ தியான் தெக் என்பார்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் வெளியே வந்தார், மீண்டும் செல்வரானார், இன்று ஆயர் இத்தாம் பகுதியில் அவர் பெயரால் ஒரு வீதியே இருக்கிறது. சையத் அல் அத்தாஸின் மாளிகை ஆர்மேனியன் தெருவில் நிற்கிறது. இஸ்லாமிய அருங்காட்சியகமாகப் பேணப்பட்ட கட்டடம் அது. துவா பெக் கோங்கின் கூட்டம் நடந்த மனை அதே தெருவில் கோயிலாக விளங்குகிறது. கீ ஹின்னின் தலைமையகம் இருந்த சர்ச் தெரு நிலத்தை, லாருட்டில் அவர்களுக்கு எதிரணியான ஹாய் சான் குழுவின் தலைவர் சுங் கெங் குவீ பின்னாளில் வாங்கித் தமக்கு மாளிகை கட்டினார். அங்கே இன்று கட்டணம் செலுத்தி உள்ளே சென்று தங்க முலாம் பூசிய மரவேலைப்பாட்டைக் கண்டு வியக்கலாம். நானும் வியந்தேன், மருமகன் படம் பிடித்தான்.

மாளிகைகளும் வீதிப் பெயர்களும் தலைவர்களுக்குக் கிடைத்தன. தடுப்புக்குப் பின்னால் நின்ற மூட்டை சுமப்பவனுக்கும் படகோட்டிக்கும் என்ன கிடைத்தது என்று அந்த மாளிகை முற்றத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். அப்பொழுது என் காக்காவின் கோணிய மணிக்கட்டே நினைவுக்கு வந்தது.

சட்டம் மெல்ல மெல்ல இறுகியது. 1869இல் சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. லாருட்டுச் சண்டைகளுக்கு 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கை முற்றுப்புள்ளி வைத்தது. ஆங்கிலேயர் பேராக்கினுள் கால்வைக்கவும் அதுவே வழியாயிற்று. சண்டியர் சண்டையிட, நாடு வேறொருவன் கைக்குப் போனது. ஈற்றில் 1890இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இரகசியச் சங்கங்களை முற்றாகத் தடைசெய்தது.

ஆனால் சட்டம் செய்ததைக் காட்டிலும் வேறு இரண்டு செய்திகள் என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்று, எழுத்து. கலகம் நடந்து 16 ஆண்டுகளே கழிந்திருந்த 1883இல் அதே பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ்ப் பத்திரிகை தோன்றியது. அதனைத் தொடங்கியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். பிற்காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நக்கீரர் என்று போற்றப்பட்ட பெரும்புலவர் அவரே. சந்தா வாங்கிக் கொடி தூக்கிய சமூகத்திலிருந்தே சந்தா செலுத்திப் பத்திரிகை படிப்போரும் எழுந்தனர். புலவர்களும் படிப்பாளிகளும் ஒரு புறம், பொல்லேந்திகள் மறுபுறம் என்று ஒரு சமூகத்தைக் கத்தியால் பிளந்து காட்ட முடியாது. ஒரே குடும்பத்துக் கூரையின்கீழ் இருவரும் உண்டு என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

மற்றையது போரியா. ஊர்வலமாகத் தொடங்கிய அது 20ஆம் நூற்றாண்டில் பாட்டும் கூத்துமாகப் பெருகியது. குழுவுக்குப் பாட்டுக் கட்டுபவனைத் துக்காங் காராங் என்பார்கள். நம் பொல்லடி அண்ணாவியாரைப்போல் அவன் முதலடி பாட, மற்றையோர் வாங்கிப் பாடுவர். தெருவுக்குத் தெரு போட்டி நீடித்தது. பழைய கைகலப்பு முற்றாக ஒழிந்ததென்று எண்ணற்க. போரியாவின் கேடுகளை எடுத்துக்காட்டி 1922இல் மலாய் மொழியில் ஒரு நூலே வெளிவந்தது. சமயப் பற்றுடையோர் அதனைக் கண்டித்தனர், ஊதாரித்தனம் என்றனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தெருவின் மானத்தைக் காக்கப் பொல்லைத் தூக்கியவனுடைய பேரன், அதே மானத்தைக் காக்க எதுகை தேடி இரவு முழுதும் விழித்திருந்தான் அல்லவா? அந்த விழிப்பை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

ஊர் திரும்பியபின் ஒரு மாலை காக்காவின் வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் சொன்னேன். அன்று அவருடைய கையை முறித்த அடுத்த தெருக்காரரும் அங்கே இருந்தார். அவர் இப்போது எங்களுக்குச் சம்பந்தி. காக்காவின் மகளை அவருடைய மகனே மணந்திருக்கிறான். சுனாமி கொண்டுபோன 2004ஆம் ஆண்டு மார்கழிக் காலையில் இவருடைய பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். இருவரும் வெற்றிலை மென்றபடி கேட்டனர். பீரங்கி வந்த இடத்தில் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். மாளிகைகள் வந்த இடத்தில் காக்கா சிரித்தார். ரம்புட்டான் தோலைப்பற்றிச் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"நம்மட சண்டை எதால வந்த தெரியுமா தம்பி?" என்றார் காக்கா.

எங்கள் தெருக் குழு முதலில் ஆடுவதா, அவர்கள் குழுவா என்பதில் வந்தது என்றே அறுபது ஆண்டுகளாக நான் கேட்டிருந்தேன். உம்மாவும் அப்படித்தான் சொல்லியிருந்தா.

"அதெல்லாம் பின்னுக்குச் சொன்ன கதை," என்றார் சம்பந்தி. "கடையடியில நான் ஒரு கிளாஸ் சர்பத்து வாங்கி வச்சிருந்தன். உங்கட காக்கா கை தட்டுப்பட்டுக் கொட்டிப்போச்சு."

"தட்டுப்பட்டுத்தான் கொட்டின," என்றார் காக்கா.

"அது எனக்கு இப்பதானே தெரியும்," என்று கூறி, சம்பந்தி வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.